பூட்டிய முட்டியும் மடங்காத கணுக்காலும்

போன வருடம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்கு இடையிலான பெண்கள் கபடிப் போட்டியின் அரையிறுதியில் என் வலது முட்டி பூட்டிக்கொண்டது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். நான் பாடிப் போய், எதிரணியின் மூலையில் நின்றவளைக் கையால் தொட்டுவிட்டு, வலது காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. காதால் கேட்ட மாதிரியும் இல்லை, எலும்பே எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. விழுந்த நான் காலை நீட்டப் பார்த்தேன். பாதி மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை.

எங்கள் அணியின் ரேவதி ஓடிவந்து காலைப் பிடித்து இழுக்கப் போனாள். "தொடாத, தொடாத" என்று கத்தினேன். அன்று அவளை இழுக்க விடாததுதான் நான் செய்த முதல் நல்ல காரியம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

என் பெயர் கலைவாணி. வயது முப்பத்திரண்டு. வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். வல்லம் வடகால் எஸ்டேட்டில், கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். நகர்ந்து வரும் பலகையில் ஒயர்களைப் பூட்டி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தவள், கபடி அணி கோப்பை வாங்கிய வருடம் நிரந்தரமானேன். அதனால் கபடி எனக்கு விளையாட்டு மட்டும் இல்லை, எனக்குச் சோறு போட்டதும் அதுதான். இப்போது பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் முட்டி வலி, கணுக்கால் வலி என்று எனக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் எலும்பு டாக்டர் இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு என்னைக் கொண்டுபோனார்கள். அங்கே காத்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே எந்தக் கம்பெனியில் என்ன அடிபடும் என்று சொல்லிவிடலாம். நீலச் சட்டைக்காரர்களுக்கு விரலில் கட்டு. சாம்பல் சட்டைக்காரர்களுக்கு இடுப்புப் பெல்ட். கபடி ஜெர்சியோடு வந்தவள் நான் ஒருத்திதான். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஜெர்சியைப் பார்த்தார், என் வயதைக் கணக்குப் போட்டார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. மறுநாள் எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மெஷின் போட்ட சத்தம், எங்கள் கம்பெனியில் ஒயர் முனையில் உலோகத் தலையை அழுத்தும் மெஷினின் சத்தம் மாதிரியே இருந்தது. பயமாக இருந்தபோதெல்லாம் கம்பெனியில் எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு அழுத்தலாக எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்று பெயர். எனக்கு உள்பக்கத்து மெத்தை நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த விளிம்பு வாளியின் கைப்பிடி மாதிரி எழும்பி, மூட்டுக்கு நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. கதவிடுக்கில் செருப்பு மாட்டிக்கொண்டால் கதவு எப்படிச் சாத்தாதோ, அப்படி.

"வெட்டி எடுத்தா சீக்கிரம் நடந்துடுவீங்க. ஆனா பின்னாடி முட்டி தேய்ஞ்சிடும்," என்றார். "தைச்சா மெதுவாதான் ஆறும். உங்க வயசுக்குத் தைக்கிறதுதான் நல்லது."

"கபடி ஆடலாமா சார்?"

அவர் என் கணவர் சேகரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மொதல்ல காலை நீட்டுவோம்மா. கபடியைப் பத்தி இப்ப நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

வாசலுக்கு வந்ததும் சேகர் என்னைச் சக்கர நாற்காலியில் அப்படியே நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பதறாமல் ஓட்டுகிற மனிதர். அன்று முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

இன்சூரன்ஸ் இருந்ததால் ஆபரேஷன் செலவுக்கு நாங்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தில், என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்காமலேயே போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். விழித்திருந்தேன். முட்டியில் இரண்டு சின்ன ஓட்டைகள் போட்டு, ஒன்றின் வழியாகக் கேமரா, இன்னொன்றின் வழியாக ஊசி. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பச் சொன்னார். என் முட்டியின் உள்ளே இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. கிழிந்த பகுதியைத் தள்ளி அதன் இடத்தில் உட்கார வைத்தார்கள். தையல் ஒவ்வொன்றாக விழுந்தது. பயம் போய், வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் நாத்தனார், சேகரின் அக்கா அமுதா, எஸ்டேட் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மூன்று நாளும் கடையை மூடிவிட்டு என்னோடு இருந்தாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவாகக் கிடையாது. கல்யாணமான பெண் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு ஆடுவது அவளுக்குப் பிடிக்காது. முதல் நாள் காலையில் வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா தல இது. காக்கா கூடு கணக்கா கீது. திரும்பு."

எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே, "எப்ப திரும்ப ஆடுவ?" என்று கேட்டாள்.

"உனுக்குதான் புடிக்காதே அண்ணி."

"புடிக்கல. அதுக்குன்னு நீ இப்டி படுத்துகினு கெடக்கறத பாக்கறதுக்கும் புடிக்கல."

நான் அழுதது அப்போதுதான். ஆபரேஷனுக்கு அழவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, கால் நேராக நீண்டிருந்தது. ஒன்பது நாளாகப் பாதி மடங்கிக் கிடந்த கால். பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கும் அவளைப் பார்க்க வந்தவர்களுக்கும் காட்டினேன்.

வீட்டில் ஆறு வாரம் ஊன்றுகோல். சேகர் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிடித்துக்கொள்ள நைலான் கயிறு கட்டினார். ரேவதி ஷிப்ட் முடிந்து வந்து, கம்பெனியில் நடந்ததெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போவாள். மருத்துவமனையில் சொன்ன பயிற்சிகளை ஒரு நாள் விடாமல் செய்தேன். மூன்றாவது மாதம் வேலைக்குப் போனேன். நான்காவது மாதம் எடுத்த ஸ்கேனில் தையல் முழுக்க ஆறியிருந்தது.

ஆனால் வலித்தது. நடந்தால் இல்லை. ஒரு காலை முன்னே வைத்துத் தாழ்ந்தால் முட்டியின் உள்பக்கம் ஊசி குத்தின மாதிரி வலி, உடனே கால் நழுவும். கபடியில் அந்த அசைவு இல்லாமல் ஒரு ரெய்டு போக முடியாது. ஷிப்ட் முடியும் நேரத்தில் முட்டி வீங்கியிருக்கும்.

டாக்டர் ஸ்கேனை மறுபடி பார்த்தார். "தையல் நல்லா பிடிச்சிருக்கு. முட்டிக்குள்ள நான் பண்ண வேண்டியது ஒண்ணும் இல்ல. எங்க பிசியோ செக்‌ஷன்ல புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க. ஆஸ்டியோபதியும் படிச்சவங்க. ஒரு தடவ பாருங்க. அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா, கபடியை விட்டுடறதப் பத்தி யோசிக்கலாம்."

அவர் பெயர் ஜெபா. இருபத்தேழு வயதுதான், என்னை விடச் சின்னவள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆஸ்டியோபதி என்ற வார்த்தையையே நான் முதல் முறை கேட்டேன். ஊரில் கட்டுப் போடுகிறவர்கள் மாதிரி நெட்டி முறித்துவிடுவார்கள் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கையில் ஏறப் போனேன்.

"அதுக்குள்ள எங்க ஏறுதீங்கக்கா. மொதல்ல நடந்து காட்டுங்க."

"முட்டிய பாக்கலயா?"

"பாப்போம். அது எங்கயும் ஓடிராது."

நடந்தேன். நின்றேன். உட்கார்ந்து எழுந்தேன். பிறகு என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னார். இடது பாதத்தைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தபோதும் முட்டி சுலபமாகச் சுவரைத் தொட்டது. வலது பாதத்துக்கு இரண்டு விரல் அகலம்தான். அதற்கு மேல் தள்ளினால் குதிகால் எழும்பியது.

"இந்தக் கணுக்கால் எப்பம் பிசகுச்சு?"

"பிசகவே இல்லயே மேடம்."

"நல்லா யோசிங்க."

யோசித்தேன். எட்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பள்ளத்தில் கால் பிரண்டது. கணுக்கால் கத்தரிக்காய் மாதிரி ஊதிவிட்டது. எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். அப்போது ஒப்பந்தத்தில் இருந்தேன், லீவு கிடையாது. ஐந்தாம் நாள் லைனில் நின்றேன். வலி போனதும் மறந்துவிட்டேன்.

"நீங்க மறந்துட்டீங்க, காலு மறக்கல," என்றார் ஜெபா. "முன்னால தாழும்போது கணுக்கால் மடங்கணும். இது மடங்கல. அதனால முட்டி உள்பக்கமா திருகி அந்தக் கொறைய ஈடு கட்டுது. டாக்டர் அருமையா தச்சு வச்சிருக்காரு. நீங்க அந்த எடத்த தெனமும் திருகிட்டு இருக்கீங்க."

எட்டு வருடம். நான் போன ஒவ்வொரு ரெய்டிலும் முட்டி அந்த வேலையைத் தனியாகச் செய்திருக்கிறது. எனக்கு முட்டியின் மேல் பரிதாபம் வந்தது.

ஆஸ்டியோபதி என்பதை அவர் எனக்கு விளக்கியபடி எழுதுகிறேன். உடம்பைத் தனித்தனி பாகமாகப் பார்க்காமல், ஓரிடத்தில் அசைவு குறைந்தால் வேறு எந்த இடம் சுமை தாங்குகிறது என்று தேடுவது. கையால் தொட்டே அந்த இறுக்கத்தைக் கண்டு, மெல்ல அசைத்து விடுவது. மருந்து இல்லை, மெஷின் இல்லை. என் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கணுக்காலின் முன்பக்க எலும்பைப் பின்னால் தள்ளியபடி, மெதுவாக, சலிக்காமல் அசைத்தார். நான் எதிர்பார்த்த படார் என்ற சத்தம் வரவே இல்லை. இடுப்பு, கீழ் முதுகு, விலா எலும்பு வரை கை வைத்துப் பார்த்தார்.

"பாடும்போது மூச்ச நெஞ்சுல பிடிக்கீங்க. வயித்துல பிடிச்சிங்கன்னா இடுப்பு அசையாம நிக்கும்," என்றார். கபடி தெரியாத ஒருத்தி எனக்குப் பாடச் சொல்லிக் கொடுத்தாள்.

அரை மணி கழித்துச் சுவரருகே நிறுத்தினார். இப்போது மூன்று விரல் அகலம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"இது ரெண்டு நாள் நிக்கும். எக்சர்சைஸ் செய்யலன்னா பழையபடி ஆயிரும். எங்க வைத்தியத்துல சொல்லுத எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. கிழிஞ்சத நான் ஒட்ட முடியாது, அது டாக்டர் வேல. நான் வழியத் தெறந்து விடுவேன். அதுல நீங்கதான் நடக்கணும்."

வாரம் ஒரு முறை போனேன். தினமும் காலையில் படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை இறக்குவது, ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடுவது, ரப்பர் பட்டையைக் கணுக்காலில் மாட்டி முன்னே தாழ்வது. ஆடி மாதம் நான்கு விரல் வந்தது. வலி பாதிக்கு மேல் போய்விட்டது. அங்கேதான் நான் தப்பு செய்தேன்.

ஆட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று ஜெபா சொல்லியிருந்தார். பயிற்சிக்கு வேடிக்கை பார்க்கப் போன நான், ஒரே ஒரு ரெய்டு என்று இறங்கிவிட்டேன். ஒன்று ஐந்தானது. மறுநாள் முட்டி வீங்கி, காலை ஊன்ற முடியவில்லை.

சேகர் சத்தம் போடவில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தபடி, "போதும் கலா. எனக்கு கப்பு வாணாம், மெடலு வாணாம். நீ நட்ந்தா போதும்," என்றார்.

"எட்டு மண்ணேரம் லைன்ல நிக்கிறனே, அது வூட்டுக்கு. வந்து சமைக்கிறனே, அதுவும் வூட்டுக்கு. அந்த ஒரு மண்ணேரம்தான் எனுக்குன்னு கீது. அதயும் வுட சொல்றியா?"

அவர் அடுத்த நாள் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, என்னோடு மருத்துவமனைக்கு வந்தார். ஜெபா முட்டியைத் தொட்டுப் பார்த்து, டாக்டரையும் பார்க்கச் சொன்னார். தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அளவுக்கு மீறியதால் வந்த வீக்கம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெபா என்னைத் திட்டித் தீர்த்தார். என்னை விட ஐந்து வயது சின்னவளிடம் தலை குனிந்து நின்றேன்.

சேகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவ ஆடணும்மா. மறுபடி அட்படாம ஆடணும். அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

ஜெபா ரப்பர் பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பட்டையப் பிடிச்சு இழுக்க ஒரு ஆள் வேணும் அண்ணே," என்றார்.

அன்றிலிருந்து காலை நான்கரை மணிக்கு, முதல் ஷிப்ட் பஸ் எடுக்கப் போகும் முன், என் கணுக்காலில் மாட்டிய பட்டையைச் சேகர் பிடித்து நிற்பார். நான் தாழ்வேன். வண்டி ஓட்டுகிறவர் இல்லையா, கியர் மாற்றுகிற மாதிரி சீராக இழுப்பார்.

ஜெபா அதோடு நிற்கவில்லை. நான் லைனில் எப்படி நிற்கிறேன் என்று கேட்டார். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் கேன்டீன் வராண்டாவில் ஒரு மேசை முன்னால் நின்று காட்டினேன், ரேவதி வீடியோ எடுத்தாள். எட்டு மணி நேரமும் இடது காலில் சாய்ந்து, வலது பாதத்தை வெளியே திருப்பி, இடுப்பை முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அணிப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் நின்றோம். காலை மாற்றி மாற்றி வைக்கத் தாழ்வான ஒரு கம்பி வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"ஒனக்கு மட்டும் எப்டிம்மா போட முடியும்?"

"எனக்கு மட்டும் வேணாம் சார். லைன் முழுக்கப் போடுங்க."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து, பராமரிப்புப் பிரிவில் இருந்து வந்து லைன் நெடுக இரும்புக் கம்பி பற்றவைத்துப் போனார்கள்.

ஆவணியில் ஆட அனுமதி கிடைத்தது. அதற்கு முன் ஜெபா ஒரு நாள் மைதானத்துக்கு வந்து, அணியில் இருந்த பன்னிரண்டு பேரையும் சோதித்தார். ஏழு பேருக்குப் பழைய கணுக்கால் பிசகு இருந்தது. ஏழு பேரும் என்னைப் போலவே மறந்திருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடப் பயிற்சி ஒன்று எழுதிக் கொடுத்தார். தாண்டுவது, ஒற்றைக் காலில் இறங்குவது, முட்டி உள்ளே சாயாமல் திரும்புவது. முதல் வாரம் பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பருவம் முழுக்க எங்கள் அணியில் ஒருத்தி கூட அடிபட்டு வெளியே உட்காரவில்லை. அதற்கு முந்தைய வருடம் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம்.

இந்த வருடம் மாசியில் இறுதிப் போட்டி. டயர் கம்பெனி அணியோடு. அமுதா கடையை மூடிவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜெபா அவளுக்குப் பக்கத்தில். சேகர் உட்காரவே இல்லை.

கடைசி ரெய்டு. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். ரேவதி, "நீ போ," என்றாள். வயிற்றில் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போனேன். எதிரே நான்கு பேர். ஒருத்தியைத் தொட்டால் சமன்தான். இடதுபக்கம் போவது போலக் காட்டி, வலது காலை ஊன்றித் தாழ்ந்து, நடுவில் நின்றவளின் தோளைத் தொட்டேன். திரும்புவதற்குள் மூலையில் இருந்தவள் பாய்ந்து என் வலது கணுக்காலைப் பிடித்துவிட்டாள். நல்ல பிடி. இன்னொருத்தி இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஒரு கணம் முட்டியைக் கேட்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பிடிபட்ட காலையே ஊன்றி, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். ஆடுகள விரிப்பில் தேய்ந்துகொண்டே ஒரு கை தூரம் போனேன். பாட்டு நிற்கவில்லை. என் நடுவிரல் நடுக்கோட்டைத் தொட்டது.

நடுவர் மூன்று விரலைத் தூக்கினார். தொட்டவள் ஒன்று, பிடித்தவர்கள் இரண்டு. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை எங்களுக்கு.

பெண்கள் என் மேல் வந்து விழுந்தார்கள். அமுதாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லாரையும் விலக்கிக்கொண்டு ஜெபா வந்து மண்டி போட்டு, என் வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வலிக்கா அக்கா?"

"எரியுது."

அவர் முகம் வெளுத்தது. "எங்கன? உள்பக்கமா?"

"தோலு உரிஞ்சிகினு பூட்ச்சி மேடம். ரெண்டு முட்டியும்தான். ரெண்டும் ஒரே மாரி எரியுது."